பாலத்துக் கல்லில் கடைசி இரண்டு வரி

வீரபாண்டிக்குப் பேர் எழுதுவதுதான் பிழைப்பு. கமுதியைச் சுற்றிப் பத்து ஊர்க் கோயில்களில் டியூப்லைட்டிலும் மின்விசிறி இறக்கையிலும் ‘உபயம்’ என்று போட்டு, கீழே பெரிய மனிதர்களின் பேரைக் கண்ணைப் பறிக்கிற மாதிரி எழுதியவன் அவன்தான். கருங்கல்லில் வெட்டவும் தெரியும். ஆனால் பேர் எழுதுகிறவனுக்கு ஊரில் என்ன பேர் இருக்கிறது? எழுதி முடிக்கிற வரைக்கும் டீ வரும். முடித்த பிறகு ஆளே வரமாட்டார்கள். வெறுத்துப்போய்த்தான் ஏஜெண்டைப் பிடித்துக் கத்தாருக்கு, தோஹாவுக்கு வந்தான்.

வந்த இடத்தில், தொழில்பேட்டையின் ஒரு தகரக் கொட்டகைக்குள், அமெரிக்காவைச் செய்துகொண்டிருந்தார்கள். கேலியில்லை, நிஜமாகவே செய்துகொண்டிருந்தார்கள். அது இரண்டாயிரத்து ஏழு. நகரத்தில் புதிதாகத் திறக்கப்போகிற ஒரு ஷாப்பிங் மாலின் நடுமுற்றத்தில், அமெரிக்காவின் ஏதோ ஓர் ஆற்றங்கரை நாட்டுப்புறத்தை அப்படியே கொண்டுவந்து நிறுத்த வேண்டுமென்று மால்காரருக்கு ஆசை. தடித்த ஃபைல் ஒன்றில் போட்டோக்கள் வந்திருந்தன. மணிக்கூண்டு வைத்த பழைய கோர்ட்டு, தண்ணீர்ச் சக்கரம் சுற்றும் மாவு மில், ஊசிக் கோபுரத்துச் சர்ச்சு, ஒற்றை அறைப் பள்ளிக்கூடம், படகுத்துறை, எல்லாவற்றுக்கும் நடுவில் வீட்டுக்குப் போடுவதுபோல் ஓட்டுக்கூரை போட்ட ஒரு மரப்பாலம். எல்லாம் நூறு, நூற்றிருபது வருஷத்துக் கட்டடங்கள். கொட்டகைக்குள் அவை இரண்டே மாதத்தில் எழும்பின. முன்னால் நின்று பார்த்தால் கோர்ட்டு. பின்னால் போனால் வெறும் கம்பியும் பைபரும்.

“நம்ம வைகையில தண்ணி கெடையாது, பாலம் இருக்கு. இங்க ஆறே கெடையாது, பாலம் வருது. எங்கிட்டுப் போனாலும் நமக்கு வாச்சது வெறும் பாலந்தான்டா பாண்டி” என்பார் உடையப்பன்.

உடையப்பன் சாரம் கட்டுகிறவர். பரமக்குடிக்குக் கிழக்கே சின்ன ஊர். நாற்பத்தைந்து வயசிருக்கும், வாயைத் திறந்தால் ஊர்க்கதை. கேம்ப் ரூமில் வீரபாண்டியின் கட்டிலுக்கு மேல்கட்டில் அவருடையது. வந்த புதிதில் வீரபாண்டி காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி காய்ச்சி ஊற்றியவர் அவர்தான். அன்றிலிருந்து வீரபாண்டிக்கு அவர் அண்ணன். ஊரிலிருக்கும் அவர் மனைவி பஞ்சவர்ணம், முகம் பார்க்காமலே, மதினி.

பாலத்தின் தலைமாட்டில் ஆளுயரக் கல் ஒன்று உண்டு. போட்டோவில் தெளிவாக இருந்தது. மேலே நாலு வரி வாசகம், கீழே வரிசையாகப் பதினேழு பேர். பைபர் பலகைமேல் கல்போலத் தெரியும் சாந்தைக் கனமாகப் பூசி, அது இறுகுவதற்குள் எழுத்தை வெட்ட வேண்டும். அந்த வேலை வீரபாண்டிக்கு வந்தது. இங்கிலீஷ் எழுத்து இருபத்தாறும் அவனுக்குப் படம்போலத் தெரியும். கூட்டிப் படித்தால் ஆள் பேரை ஒப்பேற்றிவிடுவான். வாக்கியம் என்றால் கையை விரித்துவிடுவான். அதற்கென்ன, வெட்டுகிறவன் எதற்குப் படிக்க வேண்டும்?

அவனுக்கு அது என்ன கல் என்பதில் சந்தேகமே வரவில்லை. நம் பக்கம் செத்தவனுக்குச் சுவரொட்டி, கொடுத்தவனுக்குக் கல்வெட்டு. கல்லில் வரிசையாகப் பேர் இருந்தால் அது உபயதாரர் பட்டியல்தான். வேறு என்னவாக இருக்க முடியும்? பாலம் கட்டப் பணம் கொடுத்த புண்ணியவான்கள் போல என்று நினைத்துக்கொண்டு, பதினைந்து பேரை மூன்று நாளில் அச்சு மாறாமல் வெட்டினான்.

கடைசி இரண்டு பேர்தான் சிக்கல். அசல் கல்லின் அடியில் பாசி ஏறியிருந்ததால் போட்டோவில் அந்த வரிகள் தெரியவில்லை. என்ஜினியர் வெங்கட்ராமனிடம் போய்க் கேட்டான். மெட்ராஸ்காரர், எப்போதும் இரண்டு போன்களில் பேசிக்கொண்டிருப்பார்.

“எதாவது ரெண்டு பேரைப் போட்டு முடிப்பா. எவன் வந்து படிக்கப் போறான்?” என்றார்.

வீரபாண்டி அன்று மாலை உடையப்பனிடம் அதைச் சொன்னான். சொன்னவன் சும்மா இருந்திருக்கலாம். “அண்ணே, ஓம் பேரையும் எம் பேரையும் போட்டுரட்டுமா?” என்று கேட்டான்.

விளையாட்டுக்குத்தான் கேட்டான். உடையப்பன் சிரிக்கவில்லை. கட்டிலிலிருந்து இறங்கி வந்து, “நெசமாவா சொல்ற?” என்றார்.

அவர் கதை வேறு. ஊர் ஐயனார் கோயில் கும்பாபிஷேகத்துக்கு இங்கிருந்து வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிப் பணம் அனுப்பினார். லீவில் போய்ப் பார்த்தால், பெரிய தொகை கொடுத்தவர்களை மட்டும் கல்லில் வெட்டிவிட்டு, மிச்சப் பேரையெல்லாம் கடைசி வரியில் ‘மற்றும் பலர்’ என்று முடித்திருந்தார்கள். பஞ்சவர்ணம் கல்லை மேலும் கீழும் தடவிப் பார்த்து, “இதுல நீங்க எங்கங்க இருக்கீங்க?” என்று கேட்டாளாம். அந்தக் கடைசி வரியைத்தான் தொட்டுக் காட்டினாராம். சொல்லும்போது சிரித்துக்கொண்டே சொல்வார். சிரிப்பு பாதியில் நின்றுபோகும்.

மறுநாள் வீரபாண்டி பதினாறாவது வரியில் உடையப்பன் பேரையும் பதினேழாவதில் தன் பேரையும் வெட்டினான். உடையப்பன் சாப்பாட்டு நேரத்தில் வந்து, ஒவ்வொரு எழுத்தாக விரலை விட்டுத் தடவிப் பார்த்தார். அந்த வெள்ளிக்கிழமை நஜ்மா கடைத்தெருவில் டெலிபோன் கார்டு வாங்கி மனைவிக்குப் போன் போட்டார்.

“ஏய் வர்ணம், இங்க கல்லுலயே வெட்டியாச்சுடி எம்பேர! ஐயனார் கோயில் கல்லு என்ன கல்லு, இது அமெரிக்காப் பாலத்துக் கல்லு! தொறக்கட்டும், போட்டோ எடுத்து அனுப்புறேன். ஊர்க்காரன் பூராப் பேருகிட்டயும் காட்டு!” என்று கடைவாசலில் நின்று அவர் கத்தியதில், பக்கத்து மலபார் ஓட்டல்காரன் எட்டிப் பார்த்தான்.

கல் மாலுக்குப் போகிற நாளன்று, அதற்கு விளக்கு வைக்க அளவெடுக்க டெனிஷ் வந்தான். குளச்சல் பக்கத்துப் பையன், எலக்ட்ரீஷியன், டிப்ளமோ படித்தவன். டேப்பைப் பிடித்தபடி மேல் வரிகளை முணுமுணுவென்று படித்தவன், அடியில் வந்ததும் நின்றான்.

“அண்ணே, இது யாருக்க பேராக்கும்? நீங்களும் உடையப்பன் அண்ணனுமா?”

“ஆமாப்பா. உபயம்” என்று வீரபாண்டி பெருமையாகச் சிரித்தான்.

“உபயமா? என்ன அண்ணே நீங்க! மேல என்ன எழுதியிருக்கு தெரியுமா? ‘இந்தப் பாலம் கட்டும்போது வெள்ளத்திலும் விபத்திலும் உயிர்விட்ட தொழிலாளிகள்’னாக்கும் எழுதியிருக்கு. இது செத்தவங்களுக்க கல்லு அண்ணே. உயிரோட இருக்குத மனுஷனுக்க பேரை இதுல கொண்டு வச்சிருக்கியளே!”

வீரபாண்டி மேலிருந்து ஒவ்வொரு பேராகப் பார்த்தான். பதினைந்து பேர்! மூன்று நாள் உட்கார்ந்து வெட்டியிருக்கிறான். ஒருவன்கூடக் கொடுத்தவன் இல்லை, எல்லாரும் போனவர்கள். கண்ணீர் அஞ்சலி போர்டில் உயிரோடிருப்பவன் பேரைத் தெரியாமல் எழுதினால்கூட ஊரில் கையை ஒடித்துவிடுவார்கள். இவன் கல்லிலேயே வெட்டி வைத்திருக்கிறான், அதுவும் கஞ்சி ஊற்றிய மனிதனை.

பள்ளம் அடைக்கிற பட்டி டப்பாவைத் தேடி ஓடினான். கை தானாகப் பதினாறாவது வரிக்குத்தான் போனது. உடையப்பனின் எழுத்து ஒவ்வொன்றிலும் பட்டியை அப்பி, இழுத்து, காயும்வரை ஊதி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தான். தேய்க்கத் தேய்க்க, ஐயனாரே, ஐயனாரே என்று வாய் முனகிக்கொண்டிருந்தது. வரி வழவழவென்று ஆனபிறகுதான் மூச்சு வந்தது. தன் வரிக்குப் பட்டியை எடுக்கும்போது ஃபோர்க்லிஃப்ட் வந்து நின்றுவிட்டது. பின்னாலேயே வெங்கட்ராமன்.

“என்னப்பா இன்னும் தடவிட்டிருக்கே? லாரி நிக்குது.”

“சார், ஒரே ஒரு வரி. அஞ்சு நிமிசம்.”

“கலாஸ், முடிஞ்சுது! இவ்ளோ நாள் என்ன பண்ணே? யல்லா, தூக்கு தூக்கு.”

கல்லைத் தார்ப்பாயில் சுற்றிக் கட்டித் தூக்கிப் போய்விட்டார்கள். போகட்டும் என்று விட்டான் வீரபாண்டி. வருவது எனக்கு வரட்டும், அண்ணனுக்கு இனி ஒன்றுமில்லை என்று நினைத்தபோது, அழுகையோடு கொஞ்சம் பெருமையும் இருந்தது என்று சொன்னால் அது பொய்யாகாது.

ஒரே ஒரு தப்பு செய்தான். உடையப்பனிடம் சொல்லவில்லை. இன்றைக்குச் சொல்வோம், நாளைக்குச் சொல்வோம் என்று பார்த்தான். ‘மற்றும் பலர்’ ஆன மனிதனுக்கு ஒரு கல் கிடைத்து, அதையும் அழித்துவிட்டேன் என்று எந்த முகத்தோடு சொல்வது? திறக்கிற நாள்வரை கல் தார்ப்பாய்க்குள்தானே இருக்கப்போகிறது, அதற்குள் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டான்.

மாலில் பாலத்தை நிறுத்தும் வேலை ஜூலையில் நடந்தது. மேலே முழுக்கக் கண்ணாடிக்கூரை; ஏசி இன்னும் ஓடவில்லை. மத்தியான வெயிலில் வேலை நிறுத்த வேண்டும் என்று அந்த வருஷம் உத்தரவு வந்திருந்தது. அது வெளியில் வேலை செய்கிறவனுக்கு. இவர்கள் கூரைக்குக் கீழே இருப்பவர்களாம்! கண்ணாடிக்குக் கீழே மனிதன் அப்பளமாகப் பொரிவது எந்த உத்தரவிலும் இல்லை. உடையப்பன் தினமும் காலையில் சாரத்தில் ஏறும் முன்னால் தார்ப்பாய் சுற்றிய கல்லை ஒரு தட்டுத் தட்டிவிட்டு ஏறுவார். ஊரில் சாமியைத் தொட்டுக் கும்பிடுவதுபோலத்தான். கீழே மாவு மில்லின் பலகைக்கு எழுத்து எழுதிக்கொண்டிருக்கும் வீரபாண்டி அதைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொள்வான்.

அன்று மத்தியானம் ஒன்றரை மணிக்கு, “தம்பி, கண்ணு இருட்டுதுடா. தண்ணி கொண்டா” என்று மேலேயிருந்து குரல் கேட்டது. ஃபோர்மேன், “ஜல்தி, ஜல்தி” என்று இன்னொரு பக்கம் கத்திக்கொண்டிருந்தான். வீரபாண்டி பிரஷைப் போட்டுவிட்டுத் தண்ணீர்ப் பாட்டிலை எடுத்துத் திரும்பினான். பாலத்தின் கூரை விளிம்பிலிருந்து உடையப்பன் விழுந்தார். சத்தமே போடவில்லை. கையைக்கூட நீட்டவில்லை. வெறும் பைபர் பாலத்தின் நடைபலகையில் மோதி, கீழே இன்னும் தண்ணீர் விடாத சிமெண்டு ஆற்றுக்குள் கிடந்தார். தலையைத் தூக்கி மடியில் வைத்த வீரபாண்டி, பாட்டிலைத் திறந்து வாயில் ஊற்றினான். தண்ணீர் கடைவாயில் வழிந்து வெளியே வந்தது.

மறுநாள் வெங்கட்ராமன் அவனை ஆபீஸுக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார், அதுவே அவன் அங்கே உட்கார்ந்த முதல் தடவை.

“உடையப்பன் நேத்து டூட்டிக்கே வரலை. ரூம்ல தூக்கத்துலயே ஹார்ட் நின்னுருச்சு. கூட இருந்தவன் நீதானே, ஒரு கையெழுத்து போட்டுடு.”

“சார், நான் மடியில தூக்கி வச்சேன் சார்.”

“தெரியும்பா.” அவர் முதல் தடவையாக இரண்டு போனையும் கவிழ்த்து வைத்தார். “சைட்ல நடந்ததுன்னு எழுதினா போலீஸ், கேஸ், விசாரணை. பாடி மார்ச்சுவரிலயே கிடக்கும். மூணு மாசமோ ஆறு மாசமோ, யாருக்குத் தெரியும்? இப்படி எழுதினா ஒரு வாரத்துல ஊருக்குப் போயிடும். நீயே சொல்லு.”

முந்தின நாள் சாயங்காலம்தான் பஞ்சவர்ணம் போனில் கதறியிருந்தாள். “மூஞ்சிய ஒருதடவ பாக்கணும் தம்பி. எப்பிடியாச்சும் அனுப்பிவிடுங்க. ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்.” அந்தக் குரல் காதிலேயே இருந்தது. வீரபாண்டி கையெழுத்துப் போட்டான். எத்தனையோ பேர் எழுதிய கை. அது தன் பேரை ஒரு பொய்யின் அடியில் எழுதியது அன்றைக்குத்தான்.

எட்டாம் நாள் பெட்டி ஊர் போய்ச் சேர்ந்தது. அத்தோடு முடிந்தது என்று கம்பெனி நினைத்தது. பஞ்சவர்ணம் விடவில்லை. ஊரில் பேச்சு வேறு மாதிரி கிளம்பியிருந்தது. நல்லாயிருந்த மனுசன் தூக்கத்தில் செத்தானென்றால் குடித்திருப்பான், வேலைக்குப் போகாமல் ரூமில் கிடந்திருப்பான் என்று ஆளுக்கொரு கதை கட்டினார்கள். நரம்பில்லாத நாக்கு எதைத்தான் பேசாது? அவர் உழைத்தார், தோஹாவில் அவர் பேர் நின்றிருக்கிறது என்று காட்ட அவளிடம் ஒன்றுமில்லை; அந்தக் கல்லைத் தவிர.

“கல்லுல பேரு வெட்டியிருக்குன்னு சொன்னாரே தம்பி. பொய் சொல்ற மனுசன் இல்ல அவரு. ஒரு போட்டோ எடுத்து அனுப்பி வைங்க. இவுகளுக்கெல்லாம் காட்டணும்” என்றாள். அடுத்த வாரம் கேட்டாள். அதற்கடுத்த வாரமும் கேட்டாள்.

அப்போதுதான் வீரபாண்டிக்கு உறைத்தது. பாலம் கட்டும்போது உயிர்விட்ட தொழிலாளிகள். உடையப்பன் எப்படிச் செத்தார் என்று உலகத்தில் எழுதிவைத்திருந்த ஒரே இடம் அந்தக் கல்தான். டெத் சர்டிபிகேட் பொய், கம்பெனிக் காகிதம் பொய், அவன் போட்ட கையெழுத்துப் பொய். உண்மையைச் சொல்லியிருந்த ஒற்றை வரியை அவனே உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருக்கிறான், உயிரைக் காப்பாற்றுகிறேன் என்று.

திரும்ப வெட்டிவிட வேண்டும் என்று முடிவு செய்தான். நோன்புப் பெருநாளுக்குப் பிறகு மால் திறந்துவிட்டது. வெள்ளிக்கிழமைதான் அவனுக்கு லீவு. வெள்ளிக்கிழமைதான் அங்கே குடும்பம் இல்லாத ஆம்பளைகளை உள்ளே விடமாட்டார்கள். வாசல் நேபாளிக் காவலாளி, “ஃபேமிலி, ஃபேமிலி” என்று இரண்டு தடவை விரட்டினான். மூன்றாவது வாரம் கம்பெனி யூனிஃபார்மைப் போட்டு, கையில் டூல் பெட்டியோடு போனான். “மெயின்டனன்ஸ்” என்றதும் கதவு திறந்தது. கட்டிய இடத்துக்குள் திருடனைப்போல நுழைந்தான்.

சிமெண்டு ஆற்றில் தண்ணீர் ஓடியது. மில் சக்கரம் மோட்டாரில் சுற்றியது. பாலத்தின்மேல் ஜனங்கள் ஐஸ்கிரீமோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். கல்லுக்கு டெனிஷ் வைத்த மஞ்சள் விளக்கு எரிந்தது. அதன்மேல் கண்ணாடிப் பலகை ஒன்றைப் போட்டு நாலு மூலையிலும் போல்ட் அடித்திருந்தார்கள். உள்ளே பதினைந்து பேர். அப்புறம் வழவழவென்று ஒரு வெற்று வரி. அதற்குக் கீழே, தெளிவாக, கண்ணைப் பறிக்கிற மாதிரி அவன் பேர்.

ஸ்பேனரை எடுத்து ஒரு போல்டைத் திருகும்போதே காவலாளி வந்துவிட்டான். “பாய், பர்மிட்?” என்றான். இவனிடம் பர்மிட் இல்லை. “பர்மிட் மாஃபி? தோ சலோ, பாய், சலோ.” நல்லவன்தான், போலீஸைக் கூப்பிடவில்லை, தோளைப் பிடித்துத்தான் திருப்பினான். “ஒரு போட்டோ, பாய். சிர்ஃப் போட்டோ” என்று கெஞ்சினான் வீரபாண்டி. அதற்கு மட்டும் விட்டான்.

அந்தப் போட்டோவை அனுப்பியிருக்க வேண்டாம். வாரம் தவறாமல் அவள் கேட்கிற குரலுக்குப் பயந்து அனுப்பினான். எல்லாம் இங்கிலீஷ் எழுத்து, மதினிக்கு எழுதப் படிக்கவே தெரியாது, இதில் ஏதோ ஒரு வரி தன் புருஷன் என்று நினைத்துக்கொள்வாள், எவன் வந்து படிக்கப் போகிறான் என்று நினைத்தான். கவரில் போட்டுத் தபாலில் சேர்த்துவிட்டு நடக்கும்போதுதான், அது யார் சொன்ன வார்த்தை என்று ஞாபகம் வந்தது.

தபால் போன மூன்றாவது வாரம் கார்டு போட்டுக் கூப்பிட்டான், பஞ்சவர்ணம் லைனில் வந்தாள்.

“போட்டோ வந்துச்சு தம்பி. பள்ளிக்கூடத்துப் பானுப்பிரியா டீச்சரக் கூப்புட்டுப் படிக்கச் சொன்னேன். மேல இருந்து ஒவ்வொரு பேரா வாசிச்சுச்சு. கடைசியில ஒங்க பேரு இருக்குன்னுச்சு. அவரு பேரு இல்லையாமே?”

வீரபாண்டிக்குப் பொய் சொல்ல ஆயிரம் வழி இருந்தது. ஏற்கனவே போட்ட ஒரு கையெழுத்தே நெஞ்சில் கிடந்தது.

“இருந்துச்சு மதினி. நாந்தான் அழிச்சேன்.”

“நீங்களா?”

“அது செத்தவுக கல்லு மதினி. வெட்டுனப்பொறந்தான் தெரிஞ்சுச்சு. அண்ணன் நல்லா இருக்கணுமேன்னு மொதல்ல அவரு பேர அழிச்சேன்.”

அந்தப் பக்கம் கோழி ஒன்று கொக்கரிப்பது கேட்டது. பிறகு அவள் கேட்டாள்:

“அப்ப ஒங்க பேர மட்டும் ஏந் தம்பி அழிக்கல?”

“லாரி வந்துருச்சு மதினி.”

சத்தியமான உண்மை அது. சொன்ன மறுநொடியே அவன் காதுக்கே பொய்யாகப் பட்டது.

“சரி தம்பி” என்றாள் பஞ்சவர்ணம். கோபம்கூட இல்லாத குரல். “அங்கயும் அவரு மற்றும் பலர்தான்னு சொல்லிப்புடுறேன்.”

போனை வைத்துவிட்டாள். கார்டில் இன்னும் பதினோரு நிமிஷம் பாக்கி இருந்தது. வீரபாண்டி அவளைத் திரும்பக் கூப்பிடவில்லை.